திரை சுத்தமாக இருந்த இரவு

2012 ஆகஸ்ட் முதல் வாரம். நான் தேர்ட் மேட் என்னும் இளநிலைக் கப்பல் அதிகாரி ஆகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. குஜராத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு எண்ணூர் போய்க்கொண்டிருந்தோம். 190 மீட்டர் நீளம், மேல்தளத்தில் வரிசையாக நான்கு கிரேன்கள் கொண்ட கப்பல். பாக் நீரிணையில் இந்த அளவுக் கப்பலுக்கு ஆழம் போதாது. கன்னியாகுமரிக்குத் தெற்கே இறங்கி, இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் வங்கக் கடலுக்குள் ஏற வேண்டும். இரவு எட்டிலிருந்து பன்னிரண்டு வரை என் வாட்ச், அதாவது பிரிட்ஜ் என்னும் கட்டுப்பாட்டு அறையில் காவல் நிற்கும் முறை.

தென்மேற்குப் பருவக்காற்று இன்னும் ஓயவில்லை. வலதுபக்கமிருந்து பெரிய அலை வந்துகொண்டிருந்தது. ரேடார் திரையில் எங்களைச் சுற்றி நான்கு மைலுக்கு ஒரே மஞ்சள் குழம்பு. அலைகள் திருப்பி அனுப்பும் எதிரொலிதான் அது. பார்க்கப் பார்க்க எரிச்சல் வரும். ஸீ கிளட்டர் திருகைப் பிடித்துக் குழம்பு மறையும்வரை திருப்பினேன். திரை கழுவி வைத்த தட்டு மாதிரி ஆனது. தூரத்தில் போகும் இரண்டு டேங்கர்கள் மட்டும் அழகாகத் தெரிந்தன. எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

பத்தே முக்கால் இருக்கும். என்னோடு வாட்ச்சில் நின்ற ஏபி என்கிற மாலுமி, மினிக்காய்த் தீவுக்காரர், வயதில் என் அப்பாவைவிடக் கொஞ்சம்தான் சின்னவர். "சாப், நேர் எதிரே யாரோ டார்ச் அடிக்கிறாங்க" என்று இந்தியில் சொன்னார். பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன். ஒரு வெளிச்சம் எங்கள் பிரிட்ஜைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது. முக்கால் மைல்கூட இருக்காது. நாங்கள் 13 நாட் (மணிக்கு 13 கடல் மைல்) வேகத்தில் போகிறோம், அதாவது கையில் இருப்பது மூன்றரை நிமிடம். ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டு ஏபியைச் சுக்கானில் நிறுத்தி முழுக்க வலதுபக்கம் திருப்பச் சொன்னேன். சரக்கு ஏற்றிய கப்பல் சொன்னவுடன் திரும்பிவிடாது. முதல் அரை நிமிடம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அப்புறம்தான் மூக்கு நகரும்.

படகு எங்கள் இடதுபக்கம் இரண்டு கேபிள் தூரத்தில், ஏறக்குறைய 370 மீட்டரில், கடந்து போனது. ஃபைபர் படகு. நான்கு பேர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். மேற்குக் கரையில் ஜூலை இறுதியில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, எல்லாரும் கடலுக்கு இறங்கிய வாரம் அது. நான் குளச்சல் பக்கத்து ஆள். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கப்பல் சாய்ந்ததும் கேப்டன் தானாகவே மேலே வந்துவிட்டார். கொச்சிக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ரேடார் முன்னால் போய் நின்று, என் ஸீ கிளட்டரை அப்படியே பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். மஞ்சள் குழம்பு திரும்பி வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, கால் திருகுகூட இல்லாமல், ஏற்றினார். ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு, "தேர்டு, இங்க வா. ஒரு நிமிஷம் பேசாம பாரு" என்றார்.

பார்த்தேன். அலைப்புள்ளிகள் ஒரு சுற்றுக்கு ஓர் இடத்தில் மின்னின, அடுத்த சுற்றில் வேறெங்கோ மின்னின. ஆனால் மூன்று புள்ளிகள் மட்டும் சுற்றுக்குச் சுற்று அதே இடத்தில் வந்தன. நடுவில் ஒரு சுற்று காணாமல் போனாலும் அடுத்ததில் அங்கேயே எழுந்தன. இன்னும் மூன்று படகுகள். என் கண்முன்னாலேயே இருந்திருக்கின்றன. நான்தான் துடைத்து வைத்திருந்தேன்.

அன்றைக்கு அவர் சொன்னதையும் பிறகு பல கப்பல்களில் நானே பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். புதிதாக வாட்ச் நிற்கப் போகிற பிள்ளைகளுக்கு உதவலாம்.

முதலில் அந்தத் திருகு என்ன செய்கிறது என்பது. பெயரைப் பார்த்தால் அலையை மட்டும் தேர்ந்தெடுத்து அழிப்பதுபோல் இருக்கும். உண்மையில் ரேடாருக்கு எது அலை, எது படகு என்று தெரியாது. பக்கத்திலிருந்து வரும் எதிரொலிகளுக்கு ரிசீவரின் காதில் பஞ்சு வைக்கிறோம், அவ்வளவுதான். தூரம் கூடக் கூடப் பஞ்சு மெலிந்துகொண்டே போகும். பெரிய இரும்புக் கப்பல் போடும் சத்தம் பஞ்சைத் தாண்டியும் கேட்கும். ஃபைபர் படகின் சத்தம் அலையின் சத்தத்தை ஒட்டியே இருக்கும். அலையை முழுக்க அடக்கினால் படகும் சேர்ந்து அடங்கும். அதனால் திரையில் அலைப்புள்ளிகள் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். காற்று வரும் பக்கத்தில் கூடுதலாகவும் எதிர்ப்பக்கத்தில் குறைவாகவும் இருப்பதுதான் இயல்பு. காற்று வரும் பக்கமும் புள்ளியே இல்லாமல் சுத்தமாக இருந்தால், எதிர்ப்பக்கத்தில் எவ்வளவு அழிந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வரிசையும் முக்கியம். மேக்னட்ரான் (ரேடார் அலையை உண்டாக்கும் குழல்) உள்ள ரேடார் என்றால் சூடாக இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். அதன்பின் 12 மைல் ரேஞ்சில், நீண்ட பல்ஸில் (பல்ஸ் என்பது ரேடார் ஒவ்வொரு முறையும் அனுப்பும் அலைத்துடிப்பு), ஸீ கிளட்டர், மழை எதிரொலியை அடக்கும் ரெயின் கிளட்டர் இரண்டையும் பூஜ்யத்தில் வைத்துவிட்டுத்தான், எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் கெயினைத் தொட வேண்டும். பின்னணியில் மெல்லிய தூசி தூவியது மாதிரிப் புள்ளிகள் வரும்வரை ஏற்றி, அங்கே நிறுத்த வேண்டும். தூசி இல்லாத கறுப்பு, பார்க்க அழகுதான். ஆனால் பலவீனமான எதிரொலியும் அந்தக் கறுப்புக்குள் போய்விடும். அடுத்து ட்யூனிங், அதாவது ரேடார் அனுப்பும் அலையோடு ரிசீவரைப் பொருத்துவது. ஆட்டோவில் இருந்தாலும் ஒருமுறை மேனுவலுக்கு மாற்றி, தூரத்து எதிரொலி ஒன்றை வைத்துச் சரிபார்க்கலாம். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ரேஞ்சைக் குறைத்து, கிளட்டரில் கை வைப்பது. நான் அன்று செய்தது தலைகீழ். முந்தைய வாட்ச்காரர் விட்டுப்போன கெயின் எங்கே இருந்தது என்றே பார்க்கவில்லை.

ஒருமுறை சரி செய்தோம், முடிந்தது என்றும் இல்லை. காற்று கூடும், குறையும், கப்பல் திசை மாறும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளட்டரைப் பூஜ்யத்துக்கு இறக்கி மறுபடி ஏற்றுவது எனக்கு இப்போது கைப்பழக்கம். ஆட்டோ கிளட்டர் நடுக்கடலில் பரவாயில்லை. கரையோரத்தில், மீன்பிடித் திட்டுகளில் நான் அதை நம்புவதில்லை.

இன்னொரு தந்திரம், எனக்கு மிகவும் பிடித்தது: டிரெயில். எதிரொலி நகர்ந்த தடத்தை மூன்று நிமிடத்துக்குத் திரையில் விட்டுவைக்கும் வசதி. அலை எங்கும் தடம் போடாது, பொங்கி அடங்கிவிடும். படகு வால் விடும். ஒரு சுற்றைப் பார்த்தால் எதுவும் புரியாத குழம்பில், மூன்று நிமிடத் தடத்தில் படகு தனியாகத் தெரியும். ஸ்கேனர் (மேலே சுழலும் ரேடார் ஆன்டெனா) ஒரு சுற்று சுற்ற இரண்டரை வினாடி என்று வைத்தால், மூன்று நிமிடத்தில் எழுபதுக்கு மேற்பட்ட சுற்றுகள். அத்தனையின் சாட்சியும் ஒரே இடத்தில் சேர்கிறது.

சரி, ஃபைபர் படகு எத்தனை மைலில் தெரியும்? அமைதியான கடலில் மூன்று மைல் சொச்சத்தில் பிடிக்கலாம். அன்றிரவு மாதிரிக் கடலில் ஒன்றரை மைலில் தெரிந்தாலே பெரிது. படகின் உடல் பெரிதாக எதையும் திருப்பி அனுப்பாது. அவுட்போர்டு எஞ்சின், ஐஸ் பெட்டியின் தகடு, நிற்கிற ஆட்கள், இவைதான் எதிரொலி தருகின்றன. அலைப்பள்ளத்துக்குள் இறங்கினால் அதுவும் போச்சு. என்ன திருகினாலும் வராத எதிரொலியும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே ரேடாரைவிட அந்த மினிக்காய்க்காரரின் கண்தான் பெரிய கருவி. பிரிட்ஜில் என்ன சாதனம் இருந்தாலும், கண்ணாலும் காதாலும் காவல் பார் என்று சர்வதேச மோதல் தடுப்பு விதிகளின் 5-ஆம் விதி சொல்வது சும்மா இல்லை.

அன்றைய கதையில் இன்னொரு குற்றவாளியும் உண்டு. கேப்டன் சுட்டிக்காட்டும்வரை எனக்கு உறைக்கவில்லை. எங்கள் ஸ்கேனர் பின்பக்கம், பிரிட்ஜுக்கு மேலே. அதற்கு நேர் முன்னால் நான்கு கிரேன்கள். அவற்றின் நிழல் மூக்குக்கு நேராகச் சில பாகைக்கு விழும். அதாவது கப்பல் எங்கே போகிறதோ, அங்கேதான் ரேடாருக்குப் பார்வை குறைவு! பிரிட்ஜில் இந்த நிழல் பகுதிகளைக் காட்டும் படம் ஒட்டியிருந்தது. கப்பலில் ஏறிய முதல் நாள் பார்த்தேன், அப்புறம் சுவரோடு சுவராகிவிட்டது. சந்தேகமாக இருந்தால் கப்பலை ஐந்து பாகை ஒருபக்கம் திருப்பி, ஒன்றிரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்ப வரலாம். ஒரு செலவும் இல்லை.

எக்ஸ் பேண்டா, எஸ் பேண்டா என்ற கேள்வி புதியவர்களைக் குழப்பும். எக்ஸ் பேண்ட் ரேடாரின் அலைநீளம் 3 சென்டிமீட்டர், எஸ் பேண்டுடையது 10 சென்டிமீட்டர். எக்ஸில் படம் கூர்மை, ஆனால் கடல் அலையும் மழையும் நிறைய எதிரொலிக்கும். எஸ்ஸில் படம் கொஞ்சம் மழுங்கல், ஆனால் மழைக்குள்ளே ஊடுருவிப் பார்க்கும். இது எனக்கு நன்றாகப் புரிந்தது மலாக்கா நீரிணையில். சுமாத்திராப் பக்கமிருந்து விடியலுக்கு முன்னால் ஒரு புயல்மழைக் கோடு கிளம்பி வரும். சுமாத்திராஸ் என்றே அதற்குப் பெயர். ஒருமுறை அந்த நீரிணையில் ஒன் ஃபேதம் பேங்க் என்னும் மணல்திட்டைத் தாண்டியபின் அது எங்கள் மேல் விழுந்தது. எக்ஸ் பேண்ட் திரை முழுக்க மூடிவிட்டது. ரெயின் கிளட்டரைக் கூட்டினேன். அது எதிரொலியின் முன்விளிம்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் இழுபடும் பகுதியை வெட்டும். அதனால் மழை மெலியும், ஆனால் சிறிய எதிரொலிகளும் சேர்ந்து மெலியும். எஸ் பேண்டுக்கு மாறிப் பார்த்தபோதுதான் மழைக்குள்ளே இரண்டு புள்ளிகள், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே வேகத்தில் போவது தெரிந்தது. டக் என்னும் இழுவைப் படகும் அது இழுக்கும் பார்ஜும். நடுவில் இருப்பது கம்பி. அந்தக் கம்பி எந்த ரேடாரிலும் தெரியாது. ஒரே வேகம், ஒரே திசை, மாறாத இடைவெளி என்று இரண்டு புள்ளிகளைக் கண்டால் நடுவே புகுந்து போகும் ஆசையை அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். மழைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தனிக் கவலை. மழை எக்ஸ் பேண்டின் சக்தியைக் குடித்துவிடும். மழைக்கு அந்தப் பக்கம் காலியாகத் தெரிந்தால் கொஞ்சம் கெயினைக் கூட்டித் தேடிப் பார்க்க வேண்டும்.

பல்ஸ் நீளத்தைப் பலரும் தொடுவதே இல்லை. கணக்கு எளிது: ஒரு மைக்ரோ வினாடி பல்ஸ் என்றால், ஒரே திசையில் 150 மீட்டருக்குள் இருக்கும் இரண்டு பொருள்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரியும். 0.08 மைக்ரோ வினாடி என்றால் 12 மீட்டர். தூரத்தைத் தேட நீண்டது, பக்கத்தில் பிரித்துப் பார்க்கக் குறுகியது. குறுக்குவாட்டில் பிரிப்பது ரேடார் கற்றையின் அகலம். ஒரு பாகை அகலக் கற்றை 6 மைலில் 190 மீட்டருக்கு விரிந்துவிடும். அவ்வளவு அகலத்துக்குள் அருகருகே போகும் இரண்டு படகுகள் திரையில் ஒரே படகுதான். கிட்டே வந்ததும் ஒன்று இரண்டாகப் பிரியும்போது பயந்துவிடக் கூடாது.

பொய் எதிரொலிகளைப் பற்றி ஒரு தனிக் கதையே எழுதலாம். சிங்கப்பூர் நீரிணையில் ஒரு பெரிய கன்டெய்னர் கப்பல் பக்கத்தில் வந்தபோது, எங்கள் பின்பக்கத்தில் இன்னொரு எதிரொலி முளைத்தது. அங்கே கண்ணுக்கு எதுவும் இல்லை. புகைக்கூண்டில் பட்டுத் திரும்பிய எதிரொலி அது. தூரத்தை அளந்து பார்த்தால் ஏறக்குறைய உண்மையான கப்பலின் தூரமே இருக்கும், திசை மட்டும் புகைக்கூண்டைக் காட்டும். அதைவிட விசித்திரம் பாஸ்பரஸில் பார்த்தது. நீரிணைக்குக் குறுக்கே தலைக்கு மேலே மின்கம்பி போகிறது. கற்றை கம்பியைச் செங்குத்தாகச் சந்திக்கும் ஒரே ஒரு புள்ளியிலிருந்துதான் எதிரொலி திரும்பும். நாம் நெருங்க நெருங்க அந்தப் புள்ளியும் நம்மை நோக்கித் திசை மாறாமல் வரும். திரையில் பார்த்தால் ஒரு கப்பல் நேராக மோத வருகிற அதே கோலம். பைலட் டீ குடித்துக்கொண்டே சிரித்தார். எனக்கு வியர்த்துவிட்டது.

மற்றக் கப்பல்களின் போக்கை ரேடாரிலேயே கணக்கிடும் ஆர்ப்பா தரும் எண்களுக்கு வருகிறேன். சிபிஏ (இரண்டு கப்பலும் மிக நெருங்கும்போது நடுவே இருக்கும் தூரம்) 0.4 மைல் என்று காட்டினால் சின்னப் பையன்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு எதிரொலியைப் பிடித்தபின் கணக்கு நிலைக்க மூன்று நிமிடமாவது வேண்டும். நாமோ அவர்களோ திரும்பினால் மறுபடி மூன்று நிமிடம். படகுகள் நெருங்கிப் போனால் ஒன்றின் அடையாளம் இன்னொன்றுக்குத் தாவிவிடும். அலைமேலும் தாவும். வேகம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மோதலைத் தவிர்க்கத் தண்ணீர் மேல் வேகத்தைக் கொடுப்பதே சரி. ஜிபிஎஸ் வேகத்தைக் கொடுத்தால் நீரோட்டமும் சேர்ந்து, எதிர்க்கப்பலின் கோடு அதன் மூக்கு பார்க்கும் திசையைக் காட்டாது. தென்மேற்குப் பருவத்தில் இலங்கையின் தெற்கே, தொண்ட்ரா முனை அருகே, கிழக்கு நோக்கி நல்ல நீரோட்டம் ஓடும். அங்கே இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

1956 ஜூலை 25 இரவு, அமெரிக்காவின் நாண்டக்கெட் தீவுக்கு அப்பால், மூடுபனியில் ஆண்ட்ரியா டோரியாவும் ஸ்டாக்ஹோமும் மோதி 51 பேர் இறந்தார்கள். இரண்டு கப்பலிலும் ரேடார் இருந்தது. இரண்டு கப்பலும் ஒன்றையொன்று திரையில் பார்த்துக்கொண்டுதான் வந்தன. அரைகுறைத் தகவலை வைத்து, முக்கியமாக அரைகுறை ரேடார் தகவலை வைத்து, எதையும் ஊகிக்காதே என்று இன்றைய 7-ஆம் விதி சொல்கிறது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது எனக்கு அது வெறும் வாக்கியம்.

பராமரிப்பில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். மேக்னட்ரான் சில ஆயிரம் மணி நேரத்தில் தேயும். மெதுவாகத் தேய்வதால் யாருக்கும் தெரியாது. நடுக்கடலில் எதுவும் இல்லாத திரையும், பலவீனமான ரேடாரின் திரையும் பார்க்க ஒரே மாதிரிதான். அதற்காகத்தான் ரேடாரின் பலத்தை அளந்து காட்டும் பர்ஃபார்மன்ஸ் மானிட்டர். வாட்ச்சுக்கு ஒருமுறை போட்டுப் பார்த்து, வந்த அளவை எழுதி வையுங்கள், போன மாத அளவோடு ஒப்பிடுங்கள். ஒரு கப்பலில் எக்ஸ் பேண்ட் மட்டும் மங்கலாக இருக்கிறதே என்று மேலே ஏறிப் பார்த்தால், ஸ்கேனரின் முகத்தில் புகைக்கரி அப்பியிருந்தது. அதன்மேல் யாரோ புண்ணியவான் பெயின்ட்டும் அடித்திருந்தார். பெயின்ட் அடிக்காதே என்று அதிலேயே எழுதியிருந்ததும் பெயின்ட்டுக்குள் போய்விட்டது. ஏறும்முன் ரேடாரை நிறுத்தி, பிரேக்கரை இறக்கி, பிரிட்ஜில் பலகை மாட்ட வேண்டும். அது இல்லாமல் யாரையும் மேலே அனுப்பாதீர்கள்.

அந்தப் பயணம் முடிந்து ஊருக்குப் போனபோது, நடந்ததை மாமாவிடம் சொன்னேன். அம்மாவின் தம்பி. அவரும் ஃபைபர் படகுக்காரர்தான். நாகர்கோவிலில் அலுமினியத் தகடு வாங்கி, மூன்று தகடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வருகிற ரேடார் ரிஃப்ளெக்டர் ஒன்று செய்து கொடுத்தேன். கோணம் பிசகக் கூடாது, தகடு நெளியக் கூடாது. அளவை இரட்டித்தால் எதிரொலி பதினாறு மடங்காகும், அதனால் இடம் இருக்கிற அளவுக்குப் பெரிதாகச் செய்தேன். கம்பில் கட்டும்போது கூர்முனை மேலே போகக் கூடாது, மழை பெய்தால் ஒரு குழியில் தண்ணீர் தேங்குகிற மாதிரி நிற்க வேண்டும் என்றும் சொன்னேன்.

அடுத்த விடுமுறையில் பார்த்தால் அது வீட்டுத் திண்ணையில் கிடந்தது. கேட்டேன்.

"வலை இழுக்கும்போ கயிறு மாட்டுது மக்கா" என்றார். பின்பக்கம் எஞ்சின் ஓரமாக ஒரு கம்பு நட்டு அதில் கட்டலாம் என்று பேசி முடித்தோம்.

"ராத்திரி கப்பல் வந்தா நீங்க என்ன மாமா செய்வீங்க?"

"கப்பல்ல ரெண்டு வெள்ளை விளக்கு இருக்கும்லா, ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. ரெண்டும் நேர்க்கோட்டுல நின்னா நம்ம மேலதான் வருது. டார்ச் அடிப்போம். விளக்கு ரெண்டும் பிரிஞ்சா பார்த்துட்டான், திரும்புறான். பிரியலைன்னா வலையை அறுத்து விட்டுட்டு எஞ்சினை எடுப்போம்."

எத்தனை தடவை அறுத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு" என்றார்.